கேம்ல 900 டிகிரி சுத்துறான், தரையில நிக்க முடியல: வேலூர்ல ஸ்கேட்போர்டு பழக என்ன வாங்கலாம்?

சத்துவாச்சாரி அப்பா

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 12 வயசு, அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மி உயரம். டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 1+2னு ஸ்கேட்போர்டு வீடியோ கேம் ஆடினே இருக்கான், அதுல வர்ற ட்ரிக் பேரு அத்தனையும் அத்துப்படி. இப்ப நிஜ போர்டு வேணுமாம். பொம்மைக் கடையில வாங்கினது ஒண்ணு வீட்ல கிடக்குது. ஏறி நின்னு எவ்வளவு சாய்ஞ்சாலும் திரும்ப மாட்டேங்குது. தெருவுல ஒரு சின்ன ஜல்லி பட்டா போர்டு நின்னுடுது, பையன் மட்டும் முன்னாடி போயிடறான்.

இந்த ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் எந்த மாதிரி போர்டு சரிப்படும்? எங்க வச்சுப் பழகலாம்? கேம்ல பழகினது தரையில உதவுமா, இல்ல அதை நிறுத்திட்டுத்தான் ஆரம்பிக்கணுமா? வீடியோவுல எல்லாரும் 52 எம்எம், 99 ஏ சக்கரம்னே சொல்றாங்க. அந்தக் கணக்கும் புரியல.

டெக்கும் ட்ரக்கும்

சார், முதல்ல அந்தப் பொம்மை போர்டை எடுத்து ஓரமா வைங்க. அதுல திரும்ப முடியாததுக்குப் பையன் காரணம் இல்ல. போர்டுக்கு அடியில சக்கரத்தைத் தாங்கற உலோகப் பாகம்தான் ட்ரக். அது நடுவுல ஒரு பெரிய போல்ட் இருக்கும், கிங்பின். அதைச் சுத்தி மேலயும் கீழயும் ரெண்டு வளையம், அதுதான் புஷிங். நல்ல போர்டுல அது யூரித்தேன், ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் சாய்ஞ்சா அமுங்கும், ஆக்ஸில் அந்தப் பக்கம் வளையும், போர்டு திரும்பும். பொம்மை போர்டுல கெட்டி பிளாஸ்டிக் போட்டிருப்பாங்க. அமுங்காது, அதனால திரும்பாது. சக்கரமும் பிளாஸ்டிக்தான், தரையைப் பிடிக்காது. 1970கள் ஆரம்பத்துல ஃப்ராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டு வர்ற வரைக்கும் அமெரிக்காக்காரனும் கல்லுல மாட்டி விழுந்துனுதான் இருந்தான்.

வாங்கும்போது பாக்க வேண்டியது:

டெக், அதாவது ஏறி நிக்கற பலகை, ஏழு அடுக்கு மேப்பிளா இருக்கணும். அகலம் 7.75 அல்லது 8 இன்ச். எட்டே வாங்கிடுங்க, பையன் வளர்ந்தாலும் மாத்த வேண்டி வராது. ட்ரக் அலுமினிய வார்ப்பா இருக்கணும். ஆக்ஸிலோட மொத்த நீளம் டெக் அகலத்துக்குச் சமமா, மிஞ்சிப் போனா கால் இன்ச் வித்தியாசத்துல இருக்கணும். ட்ரக் குட்டையா இருந்தா போர்டு காரணமே இல்லாம கவுக்கும். நீளமா இருந்தா தள்ளும்போது கால் சக்கரத்துல இடிக்கும்.

சக்கரத்துல ரெண்டு நம்பர். எம்எம்ங்கறது விட்டம். ஏ போட்ட நம்பர் கெட்டித்தனம், கூடக் கூடக் கெட்டி. 99 ஏ, 101 ஏ எல்லாம் வழுவழுன்னு பூசின ஸ்கேட்பார்க்குக்கு. நம்ம தெரு சிமெண்ட் ரோட்டுல வழுக்காம இருக்கத் துடைப்பத்தால கோடு இழுத்து விட்டிருப்பாங்க. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கோட்டையும் முழங்கால் வரைக்கும் அனுப்பும். சின்னச் சக்கரம் ஜல்லி மேல ஏறாது, அங்கேயே நிக்கும். அதனால 54லேருந்து 56 எம்எம், 85லேருந்து 90 ஏ வாங்குங்க.

56க்குப் போனா ஒரு விஷயம் கவனிக்கணும். திரும்பும்போது டெக்கோட அடிப்பக்கம் சக்கரத்துல உரசிச்சுன்னா சக்கரம் பட்டுனு பூட்டிக்கும், ஆள் பறப்பான். அதைத் தடுக்க ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவுல எட்டுல ஒரு இன்ச் ரைசர் பேட் வைக்கணும். வச்சா ஒரு இன்ச் போல்ட் பத்தாது, ஒண்ணேகால் இன்ச் போல்ட் கேட்டு வாங்குங்க. நட்டுக்கு மேல மரை வெளியே தெரியலன்னா ஓட்டத்துல கழண்டுடும்.

பேரிங் எல்லாமே 608தான். உள்ள 8, வெளிய 22, அகலம் 7 எம்எம். ஒரு போர்டுக்கு எட்டு வேணும். பெட்டி மேல ஏபெக் 7, ஏபெக் 9னு போட்டு விலை ஏத்துவாங்க. அது பேரிங் எவ்வளவு துல்லியமாக் கடைஞ்சிருக்குங்கற தரம், போர்டு எவ்வளவு வேகமாப் போகும்ங்கறது இல்ல. அந்தக் காசை ஹெல்மெட்டுல போடுங்க. நமக்குத் தேவை தூசு உள்ள போகாம இருக்கறது. இரும்புத் தகடு மூடினதை விட ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ் பாத்து வாங்குங்க, பாலாத்துக் காத்துல வர்ற பொடி மணலுக்கு அதுதான் தாங்கும். ஊர்ல எந்த பேரிங் கடையிலயும் 608 கேட்டாக் கிடைக்கும். மெஷினுக்கான கெட்டி கிரீஸ் அடைச்சிருப்பான், மெதுவா சுத்தும். புதுசாப் பழகற பையனுக்கு அது நல்லதுதான்.

இடம்: வண்டி போற தெரு கூடவே கூடாது. பள்ளிக்கூட பாஸ்கெட்பால் கோர்ட்டு, அப்பார்ட்மெண்ட் பார்க்கிங், விசேஷம் இல்லாத நாள்ல கல்யாண மண்டபத்து பார்க்கிங் எல்லாம் கேட்டு வாங்கிக்கலாம். உள்ள ஹால்ல பாலிஷ் கிரானைட் வேணாம், திரும்பும்போது சக்கரம் வழுக்கிடும். மொட்டை மாடியும் வேணாம். தட்டோட்டு இடுக்குல சக்கரம் மாட்டும், போர்டு விழற வேகத்துல ஓடு விரியும், அடுத்த மழைக்குக் கீழ ஒழுகும். கைப்பிடிச் சுவரைப் பத்திச் சொல்லவே வேணாம். கோட்டைப் பக்கம் ஆசைப்படாதீங்க, அது தொல்லியல் துறை கையில இருக்கிற இடம். எங்க போனாலும் ஒரு துடைப்பம் எடுத்துப் போங்க. முதல் வேலை பெருக்கறதுதான்.

நேரம் காலை ஆறுலேருந்து எட்டு. மே மாசம் 40 டிகிரி தாண்டற ஊர்ல சாயங்காலம் ஏழு வரைக்கும் சிமெண்ட் சூடு இறங்காது, கை ஊணினாச் சுடும்.

கண்ட்ரோலர் காட்பாடி

கேம் பத்தின கேள்விக்கு. நிறுத்தச் சொல்லாதீங்க சார், ஆனா கேமை மாத்துங்க.

ஸ்கேட்டர் டோனி ஹாக் 1999 ஜூன்ல எக்ஸ் கேம்ஸ் போட்டியில 900 போட்டார். ரெண்டரைச் சுத்து. அன்னிக்கே பல தடவை விழுந்து எழுந்த பிறகு வந்தது அது. அதே வருஷம் வந்த முதல் கேம்ல அது சில பட்டன் வேலை. அது குறை இல்ல, அந்தக் கேமோட ருசியே அதுதான்: ரெண்டு நிமிஷம், ஸ்கோரு, ட்ரிக் மேல ட்ரிக் கோக்கற காம்போ. 2000ல வந்த ரெண்டாவது பாகத்துல மேனுவல் (ரெண்டு சக்கரத்துல மட்டும் உருளறது) வந்தது, 2001ல மூணாவதுல ரிவர்ட் (இறங்கினதும் போர்டைத் திருப்பறது) வந்தது. அப்புறம் தரையைத் தொட்டாலும் காம்போ அறாது. ஆனா அதுல ஆலி, அதாவது கையால பிடிக்காம போர்டோட மேல எம்பறது, எப்படி அடிக்கறோம்? கிராஸ் பட்டனை அமுக்கினாக் குனிவான், விட்டாக் குதிப்பான். பின்னங்கால்னு ஒண்ணு கணக்குலயே இல்ல. நிஜத்துல பாதி வேலை பின்னங்கால்தான். அந்தக் கேம் மட்டுமே ஆடின பையன் தரையில என்ன செய்வான்? போர்டு மேல நின்னு நேரா எம்பிக் குதிப்பான், போர்டு கீழேயே கிடக்கும்.

2007ல வந்த ‘ஸ்கேட்’ங்கற கேம் இதை மாத்திச்சு. கண்ட்ரோலர்ல வலது ஸ்டிக்கைக் கீழ இழுத்து மேல சுண்டினாத்தான் ஆலி. கீழ இழுக்கறது பின்னங்கால், மேல சுண்டறது முன்னங்கால். கோணலாச் சுண்டினா போர்டு சுழலற கிக்ஃப்ளிப், ஹீல்ஃப்ளிப். 2020ல வந்த ஸ்கேட்டர் எக்ஸ்எல், 2022ல முழுசா வெளியான செஷன் ரெண்டும் இன்னும் ஒரு படி மேல: காலுக்கு ஒரு ஸ்டிக், திரும்பறதுக்கு ட்ரிகர். செஷன்ல இடது கால் முன்னாடி வச்சு நிக்கறவனா இருந்தா வலது ஸ்டிக்கைக் கீழ இழுத்து, அப்புறம் இடது ஸ்டிக்கை மேல சுண்டணும். ரெண்டும் ஒரே நேரத்துல போனா வராது, லேட்டானாலும் வராது. கால் வேலையோட வரிசை மண்டையில ஏறும். வெயிட்டை எங்க வைக்கணும்னு மட்டும் எந்தக் கேமும் சொல்லித் தராது. கட்டை விரலுக்கு எடை இல்லையே.

கேமோட கெட்ட பாடம் ரெண்டு இருக்கு, கவனிச்சுக்குங்க.

ஒண்ணு, எந்தக் கால் முன்னாடிங்கறது. இடது முன்னாடின்னா ரெகுலர், வலது முன்னாடின்னா கூஃபி. தனக்குப் பிடிச்ச ஆட்டக்காரர் எப்படி நிக்கறாரோ அப்படியே பையனும் நிப்பான். அது அவனுக்குச் சரியா இருக்கணும்னு இல்ல. சாக்ஸ் போட்டுக்கிட்டு மொசைக் தரையில ஓடி வந்து வழுக்கச் சொல்லுங்க. தானா எந்தக் கால் முன்னாடி வருதோ அதுதான். ரெண்டு மூணு தடவை பாருங்க.

ரெண்டாவது மாங்கோ. பின்னங்கால்லதான் தரையைத் தள்ளணும். முன்னங்கால்ல தள்ளறதுக்கு மாங்கோன்னு பேரு. ஸ்கேட் கேம்ல வலது கால் தள்ள ஒரு பட்டன், இடது கால் தள்ள ஒரு பட்டன், வித்தியாசம் தெரியாமப் பசங்க ரெண்டையும் அடிப்பாங்க. தரையில மாங்கோ பழகிட்டா, தள்ளின பிறகு ரெண்டு காலையும் இடம் மாத்தி வச்சாத்தான் ட்ரிக்குக்கு நிக்க முடியும். பழகின பிறகு மாத்தறது ரொம்பக் கஷ்டம்.

நல்ல பாடமும் உண்டு. ஸ்கேட், செஷன் ரெண்டுலயும் ஒரு இடத்துல மார்க்கர் வச்சிட்டு, விழுந்ததும் அங்கேயே திரும்பி வந்து அதே ட்ரிக்கை அடிக்கலாம். நிஜ ஸ்கேட்டிங் பழகறதும் அப்படித்தான், ஒரே இடம், ஒரே ட்ரிக். ஊரைச் சுத்தினா வராது. டோனி ஹாக் 1+2ல கேம் மாட்ஸ் மெனுவுல விழாம இருக்கிற வசதி இருக்கும், அதை அணைச்சு வைங்க.

டிவியில கேம் மோடு போடலன்னா பட்டனுக்கும் படத்துக்கும் நடுவுல தாமதம் வரும். செஷன் மாதிரி டைமிங் கேம்ல பையன் தன்னைத்தான் திட்டிப்பான்.

ராணிப்பேட்டை ரோலர்

டெக்கும் ட்ரக்கும் அண்ணா சொன்னதுல சக்கரம் மட்டும் எனக்கு ஒத்துக்கலை. 85 ஏ எல்லாம் ரோட்டுல உருட்டறதுக்குச் சொகம். ஆனா ஆலி அடிச்சு இறங்கும்போது பந்து மாதிரி துள்ளும், கால் போல்ட் மேல நிக்காது. போர்டைப் பக்கவாட்டுல சறுக்கி நிறுத்தப் பாத்தாலும் சறுக்காது, தரையைப் பிடிச்சுக்கும். பையன் ட்ரிக் ஆசையில கேக்கறான். 54 எம்எம், 95 ஏ வாங்கிட்டு நல்ல தரை தேடறதுதான் சரி.

டெக்கும் ட்ரக்கும்

தம்பி, துள்ளும்ங்கறது உண்மை. ஆனா ஆலிக்கு முன்னாடி உருளணும். ஜல்லியில மாட்டி விழுந்து பயந்த பையன் ஆலி வரைக்கும் வரவே மாட்டான். நல்ல தரை பக்கத்துல நிச்சயமாக் கிடைச்சா 95 ஏ, இல்லன்னா 87 பக்கம். சக்கரம் மாத்தறது கால் மணி நேர வேலை, டெக்கும் ட்ரக்கும் அப்படியேதான் இருக்கப் போகுது.

சத்துவாச்சாரி அப்பா

ரொம்ப நன்றி. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கோர்ட்டு கேட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை காலையில தர்றாங்களாம். அப்ப 95 ஏவே வாங்கிடறேன். ஆலி எப்போ ஆரம்பிக்கலாம், எப்படி? ஷூ சாதா ரன்னிங் ஷூ போதுமா? பைக் ஹெல்மெட் இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

ஆம்பூர் சோல்

பைக் ஹெல்மெட் வேணாம் சார். கனம் கழுத்தை இழுக்கும், கீழ போர்டு தெரியாது, வேர்த்து ஊத்தும். இஎன் 1078 முத்திரை இருக்கிற ஹெல்மெட் வாங்குங்க, அந்தத் தரம் சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் சேத்தே போட்டது. பின்னந்தலை வரைக்கும் மூடணும். அடுத்தது மணிக்கட்டு கார்டு. விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊணுவாங்க, அதனால உடையறதும் அங்கதான் அதிகம். முழங்கால் பேடு மூணாவது.

ரன்னிங் ஷூ வேணவே வேணாம். அடிப்பக்கம் பஞ்சு தடியா இருக்கும், போர்டு காலுக்குத் தெரியாது. ஓரத்துல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற சோல், டெக் மேல ஒட்டற கிரிப் டேப்ல மாட்டி கணுக்கால் பிசகும். தட்டையான ரப்பர் சோல், மேல ஸ்வேட் தோல். கேன்வாஸ் ஆகாது. கிரிப் டேப்ங்கறது உப்புக் காகிதம்தான், ஆலி அடிக்கும்போது முன்னங்கால் சுண்டுவிரல் பக்கத்தைத் தேச்சுத் தேச்சு ஓட்டை போடும். நாமல்லாம் தோல் ஊர்க்காரங்க, ஸ்வேட் துண்டு கிடைக்காமப் போகாது. ஓட்டை விழறதுக்கு முன்னாடியே அந்த இடத்துல ஒரு துண்டை ரப்பர் சொல்யூஷன் வச்சு ஒட்டிடுங்க. லேஸ் முடிச்சு பக்கவாட்டுல வராம உள்ள செருகிடுங்க, முதல்ல அறுந்து போறது அதுதான்.

கண்ட்ரோலர் காட்பாடி

ஆலிக்கு முன்னாடி வரிசையா வர வேண்டியது: நேரா உருளறது, தள்ளறது, சாய்ஞ்சு திரும்பறது, காலைத் தரையில தேச்சு நிறுத்தறது, போர்டோட மூக்கை, அதாவது முன் முனையைத் தூக்கி இடமும் வலமும் தட்டித் தட்டிப் போற டிக்-டாக். இதெல்லாம் பாக்காமலே வர்ற வரைக்கும் ஆலி பக்கம் போக வேணாம். தள்ளும்போது எடை முழுக்க முன்னங்கால் மேல, அந்தக் கால் முன் போல்ட் மேல, முட்டி மடங்கி. எடை பின்னாடி இருந்தா போர்டு ஓடிடும், ஆள் உக்காந்துடுவான். முதல் வாரம் நடக்கறது எல்லாம் இந்த ஒரே தப்புதான்.

ஆலி: பின்னங்காலோட முன்பாதம் டெயில், அதாவது பின் முனை நடுவுல. முன்னங்கால் முன் போல்ட்டுக்கு ஒண்ணு ரெண்டு இன்ச் பின்னாடி. தோள் போர்டு நீளத்தோட ஒரே திசையில. குனிஞ்சு, மேல குதிக்க ஆரம்பிச்ச பிறகு பின்னங்கணுக்காலால டெயிலைத் தரையில சுளீர்னு அடிக்கணும். அடிச்ச உடனே அந்தக் காலைத் தூக்கிடணும். முன்னங்கணுக்காலை உள்பக்கம் மடக்கி, ஷூவோட வெளி ஓரம் கிரிப் டேப்பை உரசிக்கிட்டே மூக்கு வரைக்கும் ஏறணும். அங்க போய் லேசா முன்னாடி தள்ளினா டெயிலும் மேல வந்து போர்டு சமமாகும்.

எங்க கெடும்னா: டெயிலை அடிக்காம மிதிச்சு நிப்பாங்க. எடை டெயில் மேல இருந்தா மூக்கு தூக்கும், போர்டு ஏறாது. ஏன்னா ஏத்தறது மிதி இல்ல, டெயில் தரையில மோதித் திரும்பி எழும்பறதுதான், மேல ஆள் எடை இருந்தா அது எழும்ப முடியாது. அடுத்தது பின்முட்டியைத் தூக்காம விடறது: முன்பாதி மட்டும் மேல நிக்கும். மூணாவது தோள் திரும்பறது: போர்டும் கூடவே திரும்பிக் குறுக்கே இறங்கும். ஒரு கால் போர்டுல, ஒரு கால் தரையில இறங்கினா அது பயம். புல்தரையில வச்சு ரெண்டு காலும் போர்டு மேலயே இறங்கற வரைக்கும் அடிக்கச் சொல்லுங்க, சக்கரம் உருளாது. ஆனா புல்லுலயே தங்கிடக் கூடாது, நின்ன இடத்து ஆலியும் ஓடற ஆலியும் வேற வேற.

இறங்கறது எப்பவும் போல்ட் மேல. நடுப்பலகையில ரெண்டு காலும் இறங்கினா டெக் முறியும். டெயில்ல இறங்கினா போர்டு முன்னாடி பாஞ்சுடும்.

ரெண்டு இன்ச் ஏறினா ஆரம்பத்துக்கு அதுவே நல்ல ஆலி. 1970கள்ல ஆலன் கெல்ஃபண்ட் குழிவான பூல் சுவத்துல கையால பிடிக்காம அடிச்சதை, 1980கள் ஆரம்பத்துல ராட்னி முல்லன் சமதரைக்குக் கொண்டு வந்தார். அவரே தேட வேண்டியிருந்த விஷயம் இது, ஞாயித்துக்கிழமை காலையில வந்துடாது. ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்து, செஷன் கேம் ரீப்ளேயோட பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்தக் கால் லேட்டுன்னு பையனே சொல்லிடுவான்.

கோவளம் போற வண்டி

கேள்விக்குக் கொஞ்சம் வெளியே. பையன் போர்டுல நிக்கப் பழகிட்டா கோவளம், மாமல்லபுரம் ரெண்டு இடத்துலயும் சர்ஃபிங் பள்ளி இருக்கு. மேல மெத்துனு இருக்கிற சாஃப்ட் டாப் போர்டு, எட்டு அடி அல்லது அதுக்கு மேல கேளுங்க. ஸ்கேட் பழகினவங்க அங்க பண்ற தப்பு எழுந்ததும் பின்னங்காலை மிதிக்கறது. தண்ணியில அது பிரேக்கு. 2002ல வந்த கெல்லி ஸ்லேட்டர் சர்ஃபிங் கேம் மாதிரி அலை ஆளைத் தேடி வராது. பாதி நேரம் குப்புறப் படுத்துக் கையால தள்ளறதுதான், அதனால தண்டால் எடுக்கச் சொல்லுங்க. ஸ்னோபோர்டு நம்ம ஊர்க்காரங்களுக்கு எஸ்எஸ்எக்ஸ் ட்ரிக்கி கேமோட சரி.

இன்னொண்ணு: ஏலகிரி மலை ரோட்டுல லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) விடற வீடியோ பாத்துப் பையன் கேட்டா, பேச்சையே எடுக்க விடாதீங்க. 14 கொண்டை ஊசி வளைவு, எதிர்ல பஸ், போர்டுல பிரேக் கிடையாது.

சத்துவாச்சாரி அப்பா

எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். போர்டு பிரிச்சு வந்தா நாமே பூட்டலாமா? வீட்ல பைக் ஸ்பேனர் செட் இருக்கு. பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

டெக்கும் ட்ரக்கும்

பூட்டலாம், ஆனா பைக் ஸ்பேனர் மில்லிமீட்டர் கணக்கு, ஸ்கேட்போர்டு இன்ச் கணக்கு. ஆக்ஸில் நட்டு அரை இன்ச், அதாவது 12.7 எம்எம், 13 ஸ்பேனர் சமாளிக்கும். கிங்பின் நட்டு பதினாறுல ஒம்பது இன்ச், 14.3 எம்எம். 14 நுழையாது, 15 போட்டா முனை மழுங்கும். டெக் நட்டு எட்டுல மூணு இன்ச், 10 ஸ்பேனர்ல லூசா ஆடும். டி வடிவத்துல மூணும் சேந்த ஸ்கேட் டூல் ஒண்ணு வாங்கிடுங்க. வாங்கற வரைக்கும் சின்ன ஸ்க்ரூ ஸ்பேனர் போதும்.

பூட்டற வரிசை: கிரிப் டேப்பை நடுவுலேருந்து ஓரத்துக்குத் தேச்சு ஒட்டுங்க, குமிழி நின்னா பிளேடால குத்தி அமுக்குங்க. டெக் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவர் தண்டால அழுத்தித் தேச்சா வெள்ளைக் கோடு விழும், அது மேல வெட்டுங்க. போல்ட் ஓட்டையை மேலேருந்து குத்தாதீங்க, அடியிலேருந்து குத்துங்க. ட்ரக் ரெண்டோட கிங்பின்னும் உள்பக்கம், ஒண்ணை ஒண்ணு பாத்து இருக்கணும். ஒண்ணைத் திருப்பிப் பூட்டிட்டா இடது சாய்ஞ்சா போர்டு குழம்பும். போல்ட் தலை கிரிப் டேப்போட சமமாகிற வரைக்கும் முறுக்குங்க, பலகைக்குள்ள அமுங்கற அளவுக்கு வேணாம். சக்கரத்துக்கு ரெண்டு பேரிங், ரெண்டு பக்கமும் ஒரு வாஷர். ஆக்ஸில் நட்டை இறுக்கிட்டுக் கால் சுத்து தளத்துங்க, சக்கரம் பக்கவாட்டுல மயிரிழை ஆடணும். ஆடலன்னா பேரிங் நசுங்குது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசோட சேந்து பிசினாயிடும். டபிள்யூடி-40ம் எண்ணெய் இல்ல, உள்ள இருக்கிற கிரீஸைக் கழுவி விட்டுடும். சுத்தம் பண்ணணும்னா ரப்பர் சீலைக் குண்டூசியால நெம்பி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல ஊற வச்சுக் குலுக்கி, முழுசாக் காய விட்டு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. அதுக்கு மேல விட்டா மணலைக் கூப்பிட்டு வச்ச மாதிரி.

ஐப்பசி, கார்த்திகை மழையில போர்டை வெளிய எடுக்காதீங்க. பலகை தண்ணி குடிச்சா அடுக்கு பிரியும், டெயில் அடிச்சா சத்தம் மந்தமா வரும், எழும்பாது. நனைஞ்சுட்டா வெயில்ல காய வைக்காம, நிழல்ல பக்கவாட்டா நிறுத்தி வைங்க. வெயில் காலத்துல மூடின காருக்குள்ளயும் விடாதீங்க, கிரிப் டேப் பசை இளகி ஓரம் தூக்கும்.

புது ட்ரக்குல முதல் ரெண்டு மூணு நாள் ஓடின பிறகு கிங்பின் நட்டையும் டெக் போல்ட்டு எட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்க, புஷிங் அமுங்கி எல்லாமே கொஞ்சம் தளந்திருக்கும்.